ஒரே அம்மா, மூணு நம்பர்

ரொம்ப நாளாகப் பதிவு பக்கமே வரவில்லை. ஆபீசில் ஆணி அதிகம். இதை எழுதாவிட்டால் உங்களுக்கு பி.பி. ஏறிவிடும் என்று தங்கமணி சொல்லிவிட்டதால் ராத்திரி பதினொரு மணிக்குப் பொட்டியைத் திறந்திருக்கிறேன். கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

எனக்கு அம்மா ஒருத்திதான். ஆனால் இங்கே புனேயில் ஒரு ஆஸ்பத்திரியின் கணக்குப்படி மூணு பேர்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். அம்மா வருஷத்தில் பாதி நாள் ஊரில், பாதி நாள் எங்களோடு. 2019-ல் இங்கே இருந்தபோது நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செஃப்ட்ரியாக்சோன் என்று ஒரு ஊசி போட்டார்கள். போட்டுப் பத்து நிமிஷம்கூட இருக்காது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்கிறது, பி.பி. சரசரவென்று இறங்குகிறது. டாக்டர் பக்கத்து வார்டிலேயே இருந்ததால் தப்பித்தோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அந்த மருந்தின் பெயரை எழுதி, கோடு போட்டு, "கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டோம். இனிமே எப்ப வந்தாலும் முதல்ல இதுதான் கண்ல படும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் பொட்டி தட்டுறவன்தானே, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள் என்றதும் நிம்மதியாகிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

2023-ல் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். மூத்திரத் தாரையில் தொற்று. நான் வேலை விஷயமாக ஹைதராபாத்தில். தங்கமணிதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். அதே ஆஸ்பத்திரி. கவுண்டரில் பெயர் கேட்டார்கள், சொன்னாள். போன் நம்பர் கேட்டார்கள், அவள் நம்பரைச் சொன்னாள். புது அட்டை ஒன்றை நீட்டினார்கள். அந்த நேரத்தில் யார் அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

வார்டில் நர்ஸ் ஊசியோடு வந்தார். அம்மா அரை மயக்கத்தில் தமிழில் முனகியிருக்கிறார், "எனக்கு ஊசி ஒத்துக்காதும்மா." அந்த நர்ஸ் கோட்டயத்துப் பெண். "ஒத்துக்காது" என்ற அந்த ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்தது. மராட்டியோ ஹிந்தியோ மட்டும் தெரிந்தவராக இருந்திருந்தால்? எழுதவே கை வரவில்லை. அவர் நிறுத்திவிட்டு ஸ்க்ரீனைப் பார்த்தார். ஒவ்வாமை: எதுவும் இல்லை. தங்கமணிக்கு அப்போதுதான் உறைத்து, அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த அந்த மஞ்சள் தாளை எடுத்துக் காட்டினாள். கையிலிருந்த ஊசி, அதேதான்.

மறுநாள் நான் வந்து ரெக்கார்ட்ஸ் பிரிவில் போய் நின்றேன். தேடிப் பார்த்ததில் அம்மாவுக்கு மூணு நம்பர். 2019-ல் ஒன்று, 2021-ல் கண் பரிசோதனைக்குப் போனபோது ஒன்று, முந்தின ராத்திரி ஒன்று. 2019 நம்பரில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை பத்திரமாக இருந்தது. யாரும் திறக்காத அலமாரியில் இருக்கும் தீயணைப்புக் கருவி மாதிரி.

"மூணையும் ஒண்ணாக்குங்க" என்றேன். "மெர்ஜ் ஆப்ஷன் இல்லை சார், அப்ளிகேஷன் எழுதிக் கொடுங்க" என்றார் அங்கிருந்தவர். இங்கேதான் என் கோபம் ஆரம்பம்.

டேட்டாபேஸ் என்றால் என்ன என்று தெரியாத சொந்தங்களுக்காக ஒரு நிமிஷம். ஊரில் அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு பார்த்திருப்பீர்கள். நீங்கள் போய்ப் புளி வாங்கினால் அண்ணாச்சி என்ன செய்வார்? உங்கள் வீட்டுப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரிக்குக் கீழே எழுதுவார். பையனை அனுப்பினாலும், மருமகளை அனுப்பினாலும் அதே பக்கம்தான். "தெற்குத் தெரு வாத்தியார் வீடு" என்று பக்கத்தின் தலையில் எழுதியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம் போட்டால் மாசக் கடைசியில் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும். டேட்டாபேஸில் புதுப் பக்கம் போடுவதற்குப் பேர் இன்சர்ட். இருக்கிற பக்கத்தைத் திருப்பி மாற்றுவதற்குப் பேர் அப்டேட். அண்ணாச்சிக்குத் தெரிந்தது கோடிக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் புகார்.

கவுண்டரில் இருந்த பெண்ணைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தேன். "புது நோயாளி" என்று உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பட்டன். தேடுவதற்கு மூலையில் ஒரு பூதக்கண்ணாடிப் படம். அதைத் தட்டினால் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூணு கட்டம், மூணும் எழுத்து பிசகாமல் இருந்தால்தான் ஆளைக் காட்டும். முன்னால் நாற்பது பேர் வரிசையில் முறைத்துக்கொண்டு நிற்கும்போது எந்த மனுஷி பூதக்கண்ணாடியைத் தட்டுவார்? தப்பு பச்சைப் பட்டனை அங்கே வைத்தவனுடையது. அந்தப் பட்டனுக்குப் பின்னால், கேள்வியே கேட்காமல் இன்சர்ட் எழுதியவனுடையது.

அவன் யாரோ இல்லை, நம்மாள்தான். நானேதான். 2006-ல் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு இதே மாதிரி ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். ஒரே ஆள் ரெண்டு தடவை வந்தால் என்ன செய்வது என்று ஒரு ஜூனியர் கேட்டபோது, "இப்போதைக்கு உள்ள போட்டுடு, பின்னால ஒரு க்ளீனப் ஜாப் ஓட்டிக்கலாம்" என்று சொன்ன புண்ணியவான் அடியேன். அந்தப் பின்னால் என்பது வரவே இல்லை. ஆன்சைட் முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். அங்கே எத்தனை பேருக்கு எத்தனை நம்பரோ.

இனிமேல் கொஞ்சம் தொழில்நுட்பம். பொட்டி தட்டாத மக்கள் ரெண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

வழக்கமாக நம்ம பசங்க எழுதுவது இப்படி: முதலில் செலக்ட் போட்டுப் பார், ஆள் இல்லை என்றால் இன்சர்ட், இருந்தால் அப்டேட். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ரெண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் ரெண்டு பேர் இதைச் செய்தால்? அல்லது நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரே பட்டனை ரெண்டு தடவை அமுக்கினால்? ரெண்டு செலக்டும் "இல்லை" என்று சொல்லும், ரெண்டு இன்சர்ட்டும் உள்ளே போகும். பார்ப்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இருக்கிற அந்த இமைப்பொழுதில்தான் இரட்டைப் பிள்ளை பிறக்கிறது. இதைத் தடுக்க நிரலில் எத்தனை இஃப் போட்டாலும் ஆகாது. டேபிளிலேயே யூனிக் கட்டுப்பாடு வேண்டும். "இந்தச் சாவியோடு ரெண்டு வரி இருக்கவே கூடாது" என்று டேட்டாபேஸிடமே சொல்லிவிட வேண்டும். அப்புறம்தான் ஒரே கட்டளையில் "இல்லையென்றால் போடு, இருந்தால் மாற்று" என்று எழுத முடியும். இது ஒன்றும் நேற்று வந்த வித்தை இல்லை. ஆரக்கிள் 9ஐ-யில் 2001-லேயே மெர்ஜ் இருந்தது. எஸ்க்யூஎல் தரநிலையில் 2003-ல் ஏறிவிட்டது. மைஎஸ்க்யூஎல் 4.1-ல் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் வந்துவிட்டது. எஸ்க்யூஎல் சர்வரில் 2008. போஸ்ட்கிரஸ்தான் கொஞ்சம் நிதானமாக யோசித்து, 2016 ஜனவரியில் வந்த 9.5-ல் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட் கொடுத்தது. கைப்பேசிக்குள் இருக்கிற எஸ்க்யூலைட்டில்கூட 2018-லிருந்து இருக்கிறது. ஆக "வசதி இல்லை சார்" என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ரீப்ளேஸ் என்று ஒன்று இருக்கிறது. பேரைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். அது பழைய வரியை மாற்றாது, அழித்துவிட்டுப் புதுசாகப் போடும். நீங்கள் கொடுக்காத கட்டமெல்லாம் டேபிளில் குறித்த இயல்பு மதிப்புக்கு, பெரும்பாலும் வெற்றுக்குப் போய்விடும். அந்த வரியைச் சார்ந்து வேறு டேபிளில் இருப்பவற்றுக்கு "தாய் வரி போனால் பிள்ளையும் போகட்டும்" என்று விதி போட்டிருந்தால், அம்மாவின் போன் நம்பரை மாற்றப்போய் அவருடைய அத்தனை லேப் ரிப்போர்ட்டும் காணாமல் போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. இன்னொரு பள்ளம், யூனிக் விதி வெற்று மதிப்பைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. சாவிக் கட்டம் காலியாக இருந்தால் எத்தனை வரி வேண்டுமானாலும் உள்ளே போகும். (எஸ்க்யூஎல் சர்வர் ஒரு காலியைத்தான் அனுமதிக்கும். போஸ்ட்கிரஸில் 2022-ல் வந்த 15-லிருந்து வேண்டுமானால் கண்டிப்பாக இருக்கச் சொல்லலாம்.) அவசரத்தில் வருகிற நோயாளிக்குத்தான் கட்டங்கள் காலியாக இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சாவி எது? இங்கேதான் நம்ம தமிழ்க் குடும்பங்களின் தனி சோகம் ஆரம்பிக்கிறது.

நமக்குக் கடைசிப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். விந்திய மலையைத் தாண்டினால் அதை ஒத்துக்கொள்கிற படிவம் அபூர்வம். எஸ். முருகன் என்று ஒருவர் இருந்தால் ஒரு இடத்தில் முருகன் எஸ், இன்னொரு இடத்தில் முருகன் சுப்பையா, மூணாவது இடத்தில் சுப்பையா முருகன், பாஸ்போர்ட்டில் வேறு ஏதோ. கல்யாணமான பெண்ணுக்கு இனிஷியலே மாறிவிடும். என் அம்மாவுக்கு 2019-ல் இனிஷியல் பின்னால். 2021-ல் அப்பாவின் முழுப் பெயர் கடைசிப் பெயராக. 2023-ல் கடைசிப் பெயர்க் கட்டம் காலியாக விடக்கூடாது என்பதால் ஒரு புள்ளி! ஆமாம், ஒரே ஒரு முற்றுப்புள்ளி. எங்கள் தாத்தா அந்தப் புள்ளிக்குள் அடங்கிவிட்டார்.

பெயரின் ஒலியை வைத்துத் தேடலாமே என்பார்கள். சவுண்டெக்ஸ் என்று ஒன்று பல டேட்டாபேஸ்களில் இருக்கும். அமெரிக்காவில் 1918-ல் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கியது, ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது. அதை நம்ம லட்சுமியிடம் காட்டினேன். எக்ஸ் போட்டு எழுதினாலும், கே-எஸ்-எச் போட்டு எழுதினாலும் எல் 250 என்று ஒரே குறியீடு. சபாஷ். ஆனால் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி டி-சி-எச் போட்டு லட்சுமி என்று எழுதினால் எல் 325. வேறு ஆள் ஆகிவிட்டாள். இனிஷியல் முன்னால் நின்றால் முதல் எழுத்தே மாறிவிடுவதால் கேட்கவே வேண்டாம். பிறந்த தேதியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், அம்மா தலைமுறைக்குப் பிறந்த தேதி என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் முடிவு செய்தது. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று.

அப்போ போன் நம்பர்? பல இடங்களில் இதைத்தான் சாவியாக வைத்திருக்கிறார்கள். இது இன்சர்ட்டைவிட மோசம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பது தங்கமணி நம்பர்தான். போன் நம்பரைச் சாவியாக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் அடித்தால் என்ன ஆகும்? எழுபது வயதுக் கிழவியின் சர்க்கரை மருந்தெல்லாம் பத்து வயதுப் பையனின் பக்கத்தில் போய் உட்காரும். மேலும், இந்தியாவில் ரத்தான மொபைல் நம்பர் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். ஊர் மாறும்போது நம்பரை விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆகவே அப்டேட் செய் என்று நான் சொல்வது எவனையோ பிடித்து அவன் மேல் எழுதச் சொல்வது இல்லை. முதலில் தேடு. கிடைத்தவர்களில் ஒத்துப்போகிற நாலு பேரை ஸ்க்ரீனில் காட்டு. "இவங்களா பாருங்க" என்று எதிரில் நிற்கிற மனுஷரைக் கேட்கச் சொல். யாரும் இல்லை என்றால்தான் புதுப் பக்கம். இதற்கு அரை நிமிஷம் ஆகுமா? ஆகட்டுமே.

ஆதாரையே சாவியாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்று ஒரு கூட்டம் ஒவ்வொரு தடவையும் கிளம்பும். 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த பகுதியை அடித்துவிட்டது. பிற்பாடு சட்டத்தைத் திருத்தி, நாமாக விருப்பப்பட்டுக் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். கட்டாயம் இல்லை. ஆரோக்கியக் கணக்குக்கென்று 14 இலக்கத்தில் ஆபா எண் 2021-ல் நாடு முழுக்க வந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண்ணை வாங்கி, மறுபடி புது வரியில்தான் ஒட்டுவேன் என்று ஆஸ்பத்திரி மென்பொருள் அடம் பிடித்தால் எந்த எண்ணால் என்ன பிரயோஜனம்? நம்பர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, அந்த நம்பரைப் பார்த்துவிட்டுப் பழைய பக்கத்தைத் திருப்புகிற புத்தியும் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த ராத்திரி ஸ்க்ரீனில் இருந்த வாசகம் "ஒவ்வாமை: எதுவும் இல்லை." யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை. புது வரி உண்டானதும் தானாக விழுகிற மதிப்பு அது. கேட்காததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியாத மென்பொருள் பொய் சொல்கிறது, அதுவும் டாக்டரிடம். அதே வியாதி அப்டேட்டிலும் உண்டு. இன்றைக்குப் படிவத்தில் காலியாக விட்ட கட்டம், நேற்று நிரம்பியிருந்த கட்டத்தை அழித்துவிடக் கூடாது. வந்த மதிப்பு காலி என்றால் பழையதையே வைத்துக்கொள் என்று கோலெஸ் ஒன்று போட்டால் முடிந்தது. மாற்றினால் எது எப்போது யாரால் மாறியது என்று தனி டேபிளில் எழுதி வை. அண்ணாச்சி அடித்தால்கூடக் கீழே இருப்பது தெரிகிற மாதிரிதான் ஒரு கோடு போடுவார்.

ஆஸ்பத்திரி மட்டுமா? வெளியூரில் குடியிருக்கிறவன் பிழைப்பே இந்த இரட்டைப் பதிவில்தான் ஓடுகிறது. என் கூட வேலை பார்க்கிறவர் ஒருவர், சென்னையில் 4 வருஷம், இங்கே 7 வருஷம். பி.எஃப்.-க்கு 2014-லிருந்து 12 இலக்க யுஏஎன் இருக்கிறது. வேலை மாறினால் அந்த ஒரே எண்ணுக்குக் கீழே புதுக் கணக்கு சேர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் இங்கே சேர்ந்த அன்று கம்பெனிப் படிவத்தில் "முன்பு பி.எஃப். உண்டா" என்ற கட்டத்தை அவசரத்தில் விட்டுவிட்டார். யாரும் திருப்பிக் கேட்கவில்லை, புது யுஏஎன் பிறந்துவிட்டது. மாசச் சம்பளத்தில் காசு ஒழுங்காகத்தான் பிடித்தார்கள், ஆகவே எதுவும் தெரியவில்லை. 1995-ம் வருஷ ஓய்வூதியத் திட்டத்தில் மாசா மாசம் பென்ஷன் வேண்டுமென்றால் 10 வருஷ சர்வீஸ் வேண்டும். 4-ம் 7-ம் கூட்டினால் 11. தனித்தனியாக வைத்தால் ரெண்டுமே பத்துக்குக் கீழே. மனுஷன் பதினோரு வருஷம் உழைத்தது நிஜம், ஆனால் டேபிளில் பத்து வருஷம் உழைத்தவன் எவனும் இல்லை! பழைய கணக்கை மாற்றக் கொடுத்தால் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அங்கே இனிஷியல் முன்னால், இங்கே அப்பா பெயர் பின்னால். அதே பாட்டு.

வாக்காளர் பட்டியலையும் பாருங்கள். பல வருஷம் வேறு தொகுதிக்குக் குடிபோனால் நாம் நிரப்ப வேண்டியது படிவம் 6. புதிதாகப் பதினெட்டு வயதானவர் நிரப்புகிற அதே படிவம். அதாவது குடிமாறினவன் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்தவன். பழைய ஊரில் பெயரை நீக்குவது நடந்தால் நடந்தது. 2022 ஆகஸ்ட் 1-லிருந்து இதை மாற்றிவிட்டார்கள். இப்போது படிவம் 6 முதல் தடவை சேர்கிறவருக்கு மட்டும். குடிமாறினால் படிவம் 8, பழைய அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், இன்சர்ட்டிலிருந்து அப்டேட்டுக்கு வந்திருக்கிறார்கள். திட்டுகிற கையால் இதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் அதற்கு முன் குவிந்த குப்பை? 2025 மார்ச்சில் தேர்தல் ஆணையமே விளக்கம் சொன்னது: வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு ஆட்களுக்கு ஒரே அட்டை எண் போயிருக்கிறது, எல்லா மாநிலமும் ஒரே தளத்துக்கு வருமுன் அவரவர் தனித்தனியாக எண் கொடுத்ததால் வந்தது. இது தலைகீழ்ப் பிசகு. ஒரு ஆளுக்கு ரெண்டு நம்பர் இல்லை, ஒரு நம்பருக்கு ரெண்டு ஆள். யூனிக் என்றால் எந்த எல்லைக்குள் யூனிக் என்று முதல் நாளே யாரும் கேட்காவிட்டால் இதுதான் கதி. அதே 2025 கடைசியில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் நடந்து, டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று பல காரணம். அந்த வாரம் இங்கே நம்ம தமிழ் வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை என்று எத்தனை பேர் முழித்தார்கள்! காலத்தில் ஒரு அப்டேட் செய்யாததை வருஷங்கள் கழித்து மொத்தமாகச் சுத்தம் பண்ணப் போனால் நல்ல வரியா கெட்ட வரியா என்று பார்க்க யாருக்கு நேரம்?

எனக்குப் பொறுக்காதது இதுதான். 1961-ம் வருஷ வருமான வரிச் சட்டம் ரெண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் என்றது. ரெண்டு தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது என்கிறது 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில்கூட உண்டு. சரி, இருக்கட்டும், வேண்டியதுதான். நாம் ரெண்டாவது வரி போட்டால் நமக்குத் தண்டனை. அவர்கள் மென்பொருள் நமக்கு ரெண்டாவது வரி போட்டால்? அதற்கும் நாம்தான் அப்ளிகேஷன் எழுத வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், லீவு போட வேண்டும், நான்தான் நான் என்று பத்திரத்தில் நிரூபிக்க வேண்டும். சொந்த ஊரில் என்றால் தாசில்தார் ஆபீசில் ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பா இருப்பார். இங்கே பாஷையும் அரைகுறை. டிஸ்க் விலை மலிவுதானே, வரி கூடினால் என்ன என்பான் ஆர்க்கிடெக்ட். மலிவு அவனுக்கு. அந்த ரெண்டாவது வரியின் வாடகையை நாம் கட்டுகிறோம்.

ஆகவே பொட்டி தட்டுகிற தம்பி தங்கைகளே, அடுத்த தடவை ஆள் விவரம் வைக்கிற டேபிளில் இன்சர்ட் எழுதக் கை போகும்போது ஒரு கணம் நிறுத்துங்கள். யூனிக் சாவி இருக்கிறதா பாருங்கள். முதல் வெளியீட்டிலேயே மெர்ஜ் திரை வேண்டும் என்று சண்டை போடுங்கள், ரெண்டாம் கட்டத்தில் பார்ப்போம் என்று மேனேஜர் சொன்னால் நம்பாதீர்கள் (அந்த மேனேஜர் நானாகவே இருந்தாலும்). ரெண்டு வரியை ஒன்றாக்கும்போது பழைய நம்பரைத் தூக்கிப் போடாமல், அதைத் தட்டினாலும் புதுப் பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள், ஏனென்றால் மனுஷர்கள் கையில் இருப்பது பழைய அட்டைதான். மற்ற சொந்தங்களே, நீங்களும் கவுண்டரில் வாயைத் திறந்து "ஏற்கெனவே பதிவு இருக்கு, தேடுங்க" என்று சொல்லுங்கள். பெற்றோர் வந்திருந்தால் அவர்களின் பழைய அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை எங்கே போனாலும் ஆதாரில் இருக்கிற எழுத்து மாறாமல் ஒரே மாதிரி சொல்லுங்கள். இதெல்லாம் நம்ம வேலை இல்லைதான். ஆனால் அவர்கள் வேலையை அவர்கள் செய்யும்வரை?

அம்மாவின் மூணு நம்பரையும் ஒன்றாக்க அஞ்சு வாரம் ஆயிற்று, மூணு அப்ளிகேஷன், ஒரு சண்டை. கடைசியில் ஒன்றாக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. 2021, 2023 நம்பர்களில் "பயன்படுத்த வேண்டாம்" என்று குறிப்பு எழுதிவிட்டு, எச்சரிக்கையை 2019 நம்பரிலேயே விட்டுவிட்டார்கள்.

போன மாசம் முட்டிவலிக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் புதுப் பையன். நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அம்மா முன்னால் போய் நின்றுவிட்டார். பையன் பெயரைக் கேட்டுவிட்டு எலியை நகர்த்தினான், பச்சைப் பட்டனை நோக்கித்தான். அம்மா சுருக்குப் பையிலிருந்து அந்த மஞ்சள் தாளை எடுத்து மேஜை மேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, தனக்குத் தெரிந்த மொத்த ஹிந்தியையும் எடுத்து விட்டார்.

"நயா நஹீ பேட்டா. புரானா. புரானா நம்பர்."